ஜெயில் கதவு எந்தக் கதைக்குத் திறக்கும்?

மந்தைவெளிக்காரர்களுக்கு ஷூட்டிங் புதுசு இல்லை. மெட்ரோ வேலைக்காக ஆர்.கே.மடம் ரோட்டைத் தோண்டிப் போட்ட பிறகு கேரவன் வரத்து கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். போன வருஷம் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பூட்டியே கிடந்த ஒரு பழைய வீட்டின் காம்பவுண்டில் 'காவல் நிலையம்' என்று போர்டு மாட்டினார்கள். வாசலில் இரண்டு ஜீப், ஒரு தண்ணீர் டிரம், துப்பாக்கியோடு ஒரு பாரா போலீஸ். பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு போன தாத்தா ஒருவர் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஏம்பா, ஸ்டேஷனை எப்போ இங்க மாத்தினாங்க?" என்று அந்த பாரா போலீஸையே கேட்டார். பாவம், அந்தத் துணை நடிகர், "நாளைக்குக் காலையில எடுத்துருவாங்க சார்" என்றார். :-)

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது. நிஜ ஸ்டேஷன் நடந்து போகிற தூரத்தில் இருக்கும்போது எதற்கு ஒரு டூப் ஸ்டேஷன்? வேலை நடக்கிற இடம், அங்கே லைட்டும் கேமராவும் கொண்டுபோய்க் கூத்தடிக்க முடியாது என்பது நியாயமான பதில்தான். அப்படியென்றால் சில படங்களுக்கு மட்டும் நிஜ ஜெயிலே கிடைத்திருக்கிறதே, அது எப்படி?

கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்த வரையில் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திட்ட நினைப்பவர்கள் இப்போதே தயாராகலாம். நம் ஊரில் சாதுவான கதைகளுக்கு நிஜச் சுவர் கிடைக்கிறது. சுடுகிற கதைகள் பிளைவுட் சுவருக்குப் போய்விடுகின்றன. கேமரா எங்கே போகலாம் என்பதை முடிவு செய்பவர், அந்தக் கேமராவில் யாருடைய தப்பு பதிவாகுமோ அவரேதான்.

முதலில் நிஜச் சுவர் கிடைத்த படங்கள். 1996ல் பிரியதர்ஷன் எடுத்த 'காலாபாணி', தமிழில் 'சிறைச்சாலை'. மோகன்லால், பிரபு. அந்தமான் செல்லுலார் ஜெயிலிலேயே போய்க் காட்சிகள் எடுத்தார்கள். அந்தச் சிறை ஒரு காலத்தில் நட்சத்திர மீன் மாதிரி ஏழு கைகளோடு இருந்தது. இன்றைக்கு மிச்சம் மூன்று. மற்றவற்றை இடித்துவிட்டார்கள், அந்த வளாகத்திலேயே ஆஸ்பத்திரியும் கட்டிவிட்டார்கள். படத்தில் வருகிற சித்திரவதைகளை ஒருமுறை பார்த்தால் மறக்காது. அப்படிப்பட்ட காட்சிகளுக்கு எப்படி அரசாங்கக் கட்டடத்தின் கதவு திறந்தது? அடிக்கிறவன் வெள்ளைக்காரன். போன ஓனர் செய்த அட்டூழியத்தை இந்த ஓனரின் வீட்டில் வைத்து எடுப்பதில் யாருக்கும் சங்கடம் இல்லை.

அடுத்து 2022ல் வந்த 'தஸ்வி' என்ற இந்திப் படம். அபிஷேக் பச்சன் ஊழல் அரசியல்வாதி, ஜெயிலுக்குப் போய் பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறார். ஆக்ரா மத்திய சிறையிலேயே ஷூட்டிங். படம் முடிந்ததும் அங்கே இருந்த கைதிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். கைதிகள் சிலர் நிஜமாகவே பத்தாவது எழுதித் தேறியதாகச் செய்தியும் வந்தது. நல்ல விஷயம், நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஜெயில் என்பது மனுஷனைத் திருத்துகிற பள்ளிக்கூடம். எந்தச் சிறைத்துறைக்குத்தான் அந்த விளம்பரம் கசக்கும்?

இப்போது இந்தப் பக்கம் வாருங்கள். 2021ல் 'ஜெய் பீம்'. ராசாக்கண்ணு என்ற மனிதரை 1993ல் போலீஸ் பிடித்துக்கொண்டு போய், அடித்துக் கொன்று, தப்பி ஓடிவிட்டான் என்று கதை கட்டிய வழக்கு. அப்போது வழக்கறிஞராக இருந்த கே.சந்துரு நடத்தினார். பிற்பாடு நீதிபதி ஆனாரே, அவரேதான். வழக்கு நடந்தது சென்னை ஹைகோர்ட்டில். படத்தில் சூர்யா வாதாடுகிற ஹைகோர்ட், கலை இயக்குநர் கதிர் போட்ட செட். அவ்வளவு அச்சாகப் போட்டிருந்தார்கள், பார்த்த பாதிப்பேர் நிஜம் என்றே நினைத்திருப்பார்கள். வழக்கு நிஜம், வக்கீல் நிஜம், தீர்ப்பு நிஜம், கோர்ட் மட்டும் செட்!

'விசாரணை' (2016) கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் ஆட்டோ டிரைவர் மு.சந்திரகுமார், குண்டூரில் லாக்கப்பில் தான் வாங்கிய அடியை எழுதிய 'லாக்கப்' புத்தகம்தான் மூலம். வெனிஸ் விழாவுக்குப் போனது, தேசிய விருது வாங்கியது, இந்தியா சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பினார்கள். ஆனால் அந்த ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஸ்டேஷன் வாசலில் நின்று, "சார், ரெண்டு நாள் லாக்கப் வேணும்" என்று கேட்க முடியும்?

கோர்ட்டாக நடிக்கிற கட்டடத்துக்கே பிரச்சினை வந்திருக்கிறது. 2024ல் 'ஜாலி எல்.எல்.பி. 3' படத்துக்காக அஜ்மீரில் ரயில்வே கோட்ட மேலாளர் ஆபீஸில் ஷூட்டிங் நடத்தினார்கள். நீதித்துறையைக் கேவலப்படுத்துகிறார்கள், நிறுத்துங்கள் என்று அங்கே உள்ள வக்கீல் சங்கத் தரப்பிலிருந்து வழக்கே போட்டார்கள். ரயில்வே ஆபீஸுக்கு இந்த கதி என்றால்....

சரி, யார் முடிவு செய்கிறார்கள்? இதில் எழுதப்பட்ட சமாச்சாரமே இருக்கிறது. டெல்லி நிர்பயா வழக்கின் குற்றவாளி ஒருவரை திகார் ஜெயிலுக்குள் பேட்டி எடுத்து லெஸ்லி உட்வின் செய்த 'இந்தியாஸ் டாட்டர்' ஆவணப்படம் 2015 மார்ச்சில் பி.பி.சி.யில் வந்தது. இங்கே தடை. ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. அடுத்த சில மாதத்தில் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கெல்லாம் ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. அதன் சாரம்: ஜெயிலுக்குள் ஆவணப்படம், பேட்டி எல்லாம் சாதாரணமாகக் கூடாது. சமுதாயத்துக்கு நல்ல தாக்கம் இருக்கும் என்று மாநில அரசு நினைத்தால் அனுமதிக்கலாம். 1 லட்சம் ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். எடுத்து முடித்ததும் சரக்கை சிறைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும், ஆட்சேபகரமானதை அவர் அழிக்கலாம். கடைசியில் வெளியிடும் முன் முழுப் படத்தையும் காட்டி ஆட்சேபணை இல்லை என்று சான்றிதழ் வாங்க வேண்டும்.

அந்த 'நல்ல தாக்கம்' என்ற வார்த்தையை இன்னொரு தடவை படியுங்கள். ஹோட்டல் சமையலறையைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறவரிடம், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று காட்டுவதாக இருந்தால் மட்டும் உள்ளே வா, எடுத்ததை சரக்கு மாஸ்டரிடம் காட்டிவிட்டுப் போ என்றால் எப்படி இருக்கும்? சென்சார் போர்டு என்று ஒரு கத்தரிக்கோல் ஏற்கெனவே இருக்கிறது. ஜெயில் கேட்டிலேயே இன்னொன்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே கேள்விக்கு சுப்ரீம் கோர்ட் 1994லேயே பதில் சொல்லியிருக்கிறது. அதுவும் நம் தென்சென்னைக்காரர் ஒருவரால். ஆட்டோ சங்கர்! திருவான்மியூர் ஏரியாவை அந்தக் காலத்தில் நடுங்கவைத்த பெயர். தூக்குத் தண்டனைக் கைதியாக ஜெயிலில் இருந்தபோது தன் கதையை எழுதி, அதை 'நக்கீரன்' பத்திரிகையில் தொடராகப் போடக் கொடுத்தார். எந்தெந்த அதிகாரிகள் தன்னோடு கூட்டு என்றெல்லாம் அதில் வரும் என்று அறிவிப்பு. சிறைத்துறை தலைமையிலிருந்து பத்திரிகைக்குக் கடிதம் வந்தது, இது பொய், போடாதீர்கள், போட்டால் நடவடிக்கை என்று. நக்கீரன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 'ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு' என்று சட்டக் கல்லூரி நண்பர்கள் மனப்பாடம் செய்கிற வழக்கு இதுதான். வெளிவருவதற்கு முன்பே தடுக்க அரசாங்கத்துக்கோ அதிகாரிகளுக்கோ சட்டத்தில் இடம் இல்லை, அவதூறு என்றால் வந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று தீர்ப்பு. 1994 அக்டோபரில் தீர்ப்பு, 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் சங்கரைத் தூக்கில் போட்டார்கள்.

பேப்பரும் பேனாவும் ஜெயிலிலிருந்து வெளியே வந்தால் அதிகாரி தடுக்கக்கூடாது. அதையே கேமரா செய்தால் அதிகாரியே எடிட்டிங் டேபிளில் உட்காரலாம். இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இனி, எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சலாக இருக்கிற விஷயம். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்ததே, சென்னை மத்திய சிறை. 1837ல் கட்டியது. சுபாஷ் சந்திர போஸ், அண்ணா, கருணாநிதி, ஜெயலலிதா என்று வெவ்வேறு காலத்தில் உள்ளே இருந்தவர்களின் பட்டியலே தமிழ்நாட்டு அரசியல் சரித்திரம். 2006ல் புழலில் புதுச் சிறை வந்ததும் கைதிகளை அங்கே மாற்றினார்கள். 2009 பிப்ரவரியில் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள், கூட்டம் அலைமோதியது. அதே வருஷம் இடித்துத் தள்ளினார்கள். இடம் மெடிக்கல் காலேஜுக்கும் மெட்ரோவுக்கும் போனது. எனக்கு அப்போது நாலு வயசு. அப்பா போய் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தாராம். கொட்டடிச் சுவரில் யாரோ கீறி வைத்திருந்த பெயர்களையும், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இருந்த கோடுகளையும் பற்றி இன்னமும் சொல்வார்.

அதே சிறையில் 1999 நவம்பரில் பெரிய கலவரம் நடந்தது. பாக்ஸர் வடிவேலு என்ற கைதி இறந்துபோன செய்தி பரவி, உள்ளே தீ, கல்வீச்சு, கடைசியில் துப்பாக்கிச் சூடு. துணை ஜெயிலர் ஒருவர் கொல்லப்பட்டார், கைதிகள் பலர் செத்தார்கள். அதை ஒட்டி எடுத்த படம் 'சொர்க்கவாசல்', ஆர்.ஜே.பாலாஜி நடித்தது, 2024 நவம்பரில் வந்தது. கலவரம் நடந்து 25 வருஷம். கட்டடம் போய் 15 வருஷம். அதற்கு முன் 2018ல் வெற்றிமாறனின் 'வடசென்னை'க்கும் இதே கதிதான். பாதிப் படம் ஜெயிலுக்குள் நடக்கிறது, ஜெயில்தான் ஊரில் இல்லை. கலை இயக்குநர் ஜாக்கி செட் போட்டார். எங்கள் வயதுக்காரர்களுக்கு சென்னை மத்திய சிறை என்றால் கண்ணில் வருவது ஜாக்கியின் செட்தான். அவரைப் பாராட்டவேண்டியதுதான், ஆனால் இது கொஞ்சம் சோகமும்கூட.

பிரேசிலில் இதே மாதிரி ஒன்று நடந்தது, வேறு மாதிரி முடிந்தது. சாவ் பாலோ நகரில் கராந்திரு என்று ஒரு பெரிய சிறை. 1992 அக்டோபரில் அங்கே கலவரம், போலீஸ் உள்ளே புகுந்து 111 கைதிகள் செத்தார்கள். அந்தச் சிறையில் சேவையாக வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் டிராவுசியோ வரெல்லா ஒரு புத்தகம் எழுதினார். ஹெக்டர் பாபென்கோ அதைப் படமாக எடுத்தார், 'கராந்திரு', 2003ல் வந்தது. 2002 டிசம்பரில் அந்தச் சிறையை வெடிவைத்துத் தகர்ப்பதற்கு முன், நிஜக் கட்டடத்துக்குள்ளேயே போய் எடுக்க அவருக்குக் கிடைத்தது. ரத்தம் ஓடின அதே நடைபாதை. போலீஸின் குற்றத்தைச் சொல்கிற படம், அரசாங்கத்தின் கட்டடத்திலேயே. இடிக்கப்போகிற கட்டடம் என்பதால் மனசு வந்ததோ என்னவோ, கதவு திறந்தது.

அமெரிக்காவில் இன்னொரு கதை. 'ஷாஷங்க் ரிடெம்ப்ஷன்' பார்க்காத இன்ஜினியரிங் ஹாஸ்டல் இருக்க முடியாது. அந்த ஜெயில் ஒஹாயோ மாநிலம் மான்ஸ்ஃபீல்டில் 1990ல் மூடிய பழைய சிறை. கதையில் வார்டன் திருடன், காவலர்கள் கொலைகாரர்கள். அதனால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இடிபட இருந்த கட்டடம், படம் தந்த புகழில் மியூசியமாகி, ஊருக்குச் சுற்றுலா வருமானமாக நிற்கிறது. நம் ஊரிலும் எழும்பூர் பழைய கமிஷனர் ஆபீஸ் பிழைத்தது, 2021ல் போலீஸ் மியூசியம் ஆனது. மத்திய சிறைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

கோர்ட்டுக்கு வருவோம். இது கொஞ்சம் வேறு ரகம். கோர்ட் சட்டப்படியே திறந்த இடம். சில வகை வழக்குகள் தவிர யார் வேண்டுமானாலும் போய்ப் பின்னால் உட்காரலாம். சட்டக் கல்லூரி நண்பன் ஒருவனோடு நான் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரை நாள் உட்கார்ந்தேன். சினிமாவில் பார்த்தது ஒன்றுகூட அங்கே இல்லை. சுத்தியல் கிடையாது, நம் நாட்டு ஜட்ஜ்கள் அதைத் தட்டுவதே இல்லை. "ஆர்டர் ஆர்டர்" கிடையாது. கீதைமேல் கைவைத்துச் சத்தியம் கிடையாது, 1969ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டத்தில் அப்படி ஒரு புத்தகமே வேண்டியதில்லை. 'பராசக்தி'யில் சிவாஜி பேசியது போல, 'விதி'யில் சுஜாதா பேசியது போல யாரும் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசவில்லை. பேச விடவும் இல்லை. டவாலி பெயரைக் கூப்பிடுகிறார், ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறார், வக்கீல் ஏதோ முணுமுணுக்கிறார், பெஞ்ச் கிளார்க் ஒரு தேதி எழுதுகிறார். வாய்தா. அடுத்த பெயர். வராண்டாவில் கட்டைப்பையில் சாப்பாடும் பிளாஸ்க்குமாகப் பெண்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "தம்பி, தேதி என்ன சொன்னாங்க, காதுல விழுந்துதா?" என்று கேட்டார். காலை ஏழு மணிக்கு வந்தவர்.

இந்த வாய்தாவையும் இந்தக் காதில் விழாத தேதியையும் காட்டிய படம் எத்தனை? மராத்தியில் சைதன்ய தம்ஹானே எடுத்த 'கோர்ட்' (2014) ஞாபகம் வருகிறது. தமிழில் யோசித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. நிஜ இடத்தில் எடுத்தால்தான் உண்மை வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கிற ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டை வாடகைக்குக் கொடுத்தால், அந்த மர பெஞ்சும் ஃபேன் சத்தமும் பீரோமேல் அடுக்கியிருக்கிற கட்டும் டைரக்டரைச் சும்மா விடாது. அங்கே நின்றுகொண்டு சுத்தியல் தட்டச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருக்கும். செட்டில் அந்தக் கூச்சம் வராது.

கேமராவால் கோர்ட்டின் மானம் போய்விடும் என்ற வாதத்தையும் கோர்ட்டுகளே இப்போது கைவிட்டுக்கொண்டிருக்கின்றன. 2018ல் ஸ்வப்னில் திரிபாதி வழக்கில் நேரலைக்குச் சம்மதம், 2022 செப்டம்பரிலிருந்து சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வுகள் நேரலை, அதற்கு முன்பே குஜராத் ஹைகோர்ட் யூடியூபில். வானம் இடிந்து விழவில்லை. அதைத் துண்டு துண்டாக வெட்டி ரீல்ஸ் போடுகிற கூட்டம் வந்தது வாஸ்தவம்தான், அது வேறு தலைவலி.

இப்போது எனக்கு எதிரான வாதம். வலுவானது, ஒதுக்கிவிட முடியாது. ஜெயில் என்பது கட்டடம் மட்டும் இல்லையே, உள்ளே மனுஷர்கள் இருக்கிறார்கள். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர் குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாதவர்கள். அவர்கள் முகத்தை ஒரு ஹீரோ நடந்து வருகிற ஷாட்டின் பின்னணியாக வைக்க யாருக்கு உரிமை? "சம்மதமா?" என்று வார்டர் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டால், கைதி என்ன சொல்வார்? வாரத்துக்கு ஒருமுறை மனு பார்க்க பஸ் ஏறி வருகிற அம்மாவை, "இன்னைக்கு ஷூட்டிங், நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பினால் அதைவிடக் கேவலம் கிடையாது.

அதனால் ஆள் இருக்கிற ஜெயிலில் மசாலாப் பட ஷூட்டிங் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. ஆக்ராவே ஆனாலும் சரி. விதிவிலக்கு ஒன்று உண்டு. ரோம் நகரத்து ரெபிபியா சிறையில் தவியானி சகோதரர்கள் எடுத்த 'சீசர் மஸ்ட் டை'. நீண்ட தண்டனைக் கைதிகளே ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரை நடிக்கிறார்கள், அந்தச் சிறையின் நடைபாதையும் முற்றமும்தான் ரோமாபுரி. 2012ல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. அங்கே கைதி யாருக்கும் பின்னணி இல்லை, அவர்தான் படமே. அந்த மாதிரி என்றால் கதவைத் திறக்கலாம்.

போலீஸ் ஸ்டேஷனுக்கோ சினிமா கேமராவே தேவையில்லை. ஏற்கெனவே ஒன்று சுவரில் தொங்குகிறது. அது ஓடினால் போதும்.

2020 ஜூனில் சாத்தான்குளம். ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனில் ராத்திரி முழுக்க அடிபட்டுச் செத்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு விவரம் இருந்தது. ஸ்டேஷன் சி.சி.டி.வி.யின் ஹார்ட் டிஸ்க்கில் 1 டி.பி. இடம் இருக்கிறது, ஆனாலும் தினமும் பதிவு தானாக அழிகிற மாதிரி செட் செய்து வைத்திருக்கிறார்கள், அந்த ராத்திரியின் காட்சி எதுவும் இல்லை. அதே வருஷம் டிசம்பர் 2ந் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது: எல்லா ஸ்டேஷனிலும் லாக்கப், வராண்டா, வாசல், பின்வாசல் எல்லாவற்றையும் பார்க்கிற மாதிரி கேமரா, சத்தத்தோடு, இருட்டிலும் தெரிகிற மாதிரி, 18 மாதம் பதிவு இருக்கவேண்டும்.

அப்புறம் என்ன ஆனது? 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை ஸ்டேஷனில் வைத்து அடிக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் மாட்டுத்தொழுவத்தில் வைத்து அடித்தார்கள். அதை மறைவிலிருந்து ஒருவர் தன் செல்போனில் எடுத்த சில நொடி வீடியோ வெளியே வந்திருக்காவிட்டால், வலிப்பு வந்து இறந்தார் என்பதோடு ஃபைல் மூடியிருக்கும்.

யார் கையில் கேமரா என்பதற்கு எங்கள் ஏரியா உதாரணம் ஒன்றும் இருக்கிறது. 2001 ஜூன் 30 விடியற்காலை, மயிலாப்பூர் ஆலிவர் ரோடு வீட்டில் கருணாநிதி கைது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, ஆனால் எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது. சன் டிவி அதைத் திரும்பத் திரும்பப் போட, போலீஸ் தரப்பிலிருந்தும் ஒரு வீடியோ வந்தது. ஒரே ராத்திரி, இரண்டு எடிட்டிங். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, இரண்டு கேமரா இருந்ததால்தான் ஊர் ஒரு வாரம் விவாதம் செய்ய முடிந்தது. சாத்தான்குளத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, அதன் ரிமோட்டும் ஒரே தரப்பிடம்.

ஆகவே என்ன செய்யலாம் என்கிறாய் என்று கேட்பீர்கள். மூடிய ஜெயிலையும் லீவு நாள் கோர்ட்டையும் வாடகை இவ்வளவு, டெபாசிட் இவ்வளவு, சுவரை உடைத்தால் அபராதம் இவ்வளவு என்று போர்டு எழுதி வைத்துக் கொடுங்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை நல்லவனா என்று மேனேஜர் கேட்பதில்லை. கதையைக் கேட்காதீர்கள். ஆவணப்படமாக இருந்தால் கைதியின் சம்மதத்தை வார்டர் இல்லாத அறையில், வெளி வக்கீல் ஒருவரை வைத்துக்கொண்டு வாங்குங்கள். எடுத்ததை அழிக்கிற அதிகாரம் கண்காணிப்பாளரிடம் இருக்கக்கூடாது. பாதுகாப்புக்கு ஆபத்து என்று அவர் நினைத்தால் கோர்ட்டுக்குப் போகட்டும், ஆட்டோ சங்கர் தீர்ப்பு அவருக்கும் வழி சொல்லியிருக்கிறது.

இதைப் பேச இதுதான் சமயம். மதுரை மத்திய சிறையை மேலூர் பக்கம் இடையப்பட்டிக்கு மாற்றப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். கோவை மத்திய சிறைக்கு பிளிச்சியில் புது இடம். காந்திபுரத்தில் அதன் மைதானத்தில் செம்மொழிப் பூங்காவே 2025 நவம்பரில் திறந்தாகிவிட்டது. அது 1872ல் வந்த சிறை, வ.உ.சி. செக்கிழுத்தது அங்கேதான். அவர் கொட்டடியையும் செக்கையும் கட்டாயம் காப்பாற்றுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் மற்ற பிளாக்குகளில் இருந்தவர்கள் யார், சுவரில் என்ன கீறி வைத்திருக்கிறார்கள் என்பதை, புல்டோசர் வருவதற்கு முன் யாராவது ஒரு கேமராவோடு போய்ப் பார்க்க வேண்டும். கோவை நண்பர்கள் யாராவது விஸ்காம் படிக்கிறீர்களா?